பூம்பாறை வண்டுக்கு அப்பத்தா பெயர் வைக்கலாமா?

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் உங்கள் பூண்டுக்காட்டை ஒட்டி, சோலை தொடங்குகிற வேலியில் ஒரு பச்சை வண்டைப் பார்த்திருக்கிறீர்கள். படம் எடுத்து, பூச்சியை அடையாளம் சொல்லும் ஆப்பில் போட்டால் ‘கூன்வண்டுக் குடும்பம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. இணையத்தில் தேடியும் அதே மாதிரி படம் அகப்படவில்லை. இது புது இனமா, புது இனம் என்றால் எப்படி அறிவிப்பது, அப்பத்தா வெள்ளையம்மாள் பெயரை அதற்கு வைக்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்குத்தான் சுலபமான பதில்: வைக்கலாம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டே இருபது வருஷம் கூன்வண்டுகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூன்வண்டுதான், சந்தேகமில்லை. ஆனால் தென்னையில் வருகிற சிவப்புக் கூன்வண்டு போல நீண்ட மூக்கு இல்லை. மூக்கு குட்டை, அகலம். கத்தரி இலையின் ஓரத்தை அரைவட்டமாகக் கடித்து வைக்கிற சாம்பல் நிற வண்டு இருக்கிறதே, அதற்குப் பங்காளி முறை. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கிறது. பச்சை நிறம் வண்டின் ஓட்டில் இல்லை, அதன் மேல் அடர்ந்திருக்கும் செதில்களில் இருக்கிறது. பட்டாம்பூச்சி இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டுமே, அதே கதைதான். வயதான வண்டு பாதி வழுக்கையாகத் திரியும். உங்கள் படத்தில் முதுகின் இடப்பக்கம் ஒரு கறுப்புத் திட்டு தெரிகிறது. அது அதன் அடையாளமா, நீங்கள் பிடித்தபோது செதில் உதிர்ந்த இடமா என்பதே முதல் கேள்வி. வழுக்கை விழுந்த வண்டைத் தனி இனம் என்று நம்பிவிடுவது இந்தத் தொழிலின் பழைய வழுக்கல்.

ஆப்புக்குத் தெரியவில்லை என்பதற்கும் அறிவியலுக்குத் தெரியாது என்பதற்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது. உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட வண்டினங்கள் 4 லட்சத்தை ஒட்டி வரும். அதில் கூன்வண்டுக் குடும்பம் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல். இவற்றில் பெரும்பான்மைக்கு உயிரோடு எடுத்த படம் கிடையாது. ஏதோ ஒரு ஊரின் அருங்காட்சியகத்தில் மர இழுப்பறைக்குள் ஊசி குத்திய ஒரு வண்டு, நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தில் அரைப் பக்க விவரிப்பு, அவ்வளவுதான். ஆப் படத்தைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை. படமே இல்லாத வண்டை அது எங்கே போய்த் தேடும்?

‘புதுசு’ என்ற சொல்லையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 1990-ல் நீலகிரி கூடலூரில் காபித் தோட்டக்காரர்கள் காய்க்குள் பொடி வண்டு ஒன்றைப் பார்த்துத் திகைத்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நாம் காய்த் துளைப்பான் என்கிறோம். அதுவும் கூன்வண்டுக் குடும்பத்தில்தான் வரும். இந்தியாவுக்கே அது அன்றுதான் புதுசு. ஆனால் அறிவியல் அதற்கு 1867-லேயே பெயர் வைத்துவிட்டது. உங்களுக்குப் புதுசு, ஊருக்குப் புதுசு, உலகத்துக்கே புதுசு, இவை மூன்றும் வேறு வேறு. மூன்றாவதைச் சொல்ல வேண்டுமென்றால், ஏற்கெனவே பெயர் வைத்த அத்தனை உறவுக்காரர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்று கழித்துவிட்டு வர வேண்டும். வண்டு கிடைப்பது ஒரு காலை நேர வேலை. இந்தக் கழித்தல்தான் வருஷக்கணக்கில் இழுக்கும்.

நம் மலையில் யாரும் தேடவில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். செண்பகனூரில் சேசு சபைப் பாதிரியார்கள் 1895-லேயே அருங்காட்சியகம் தொடங்கியவர்கள். அங்கே பிடித்த பூச்சிகள் ஐரோப்பா வரை போயின. வண்டோடு குத்தி வைத்த பழைய சீட்டில் ‘செண்பகனூர், மதுரா’ என்று இருந்தால் குழம்பாதீர்கள், கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டம்தான். நீலகிரியில் ஆண்ட்ரூஸ் என்றொருவர் பிடித்த வண்டுகள் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் குட்டைமூக்குக் கூன்வண்டுகளுக்கு, கை மார்ஷல் (Guy Marshall) என்ற பூச்சியியலாளர் 1916-ல் எழுதிய தொகுதிதான் இன்னும் முதல் படி. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய வரிசையில் வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதை இறக்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள வழிகாட்டிக் கேள்விகளை ஒவ்வொன்றாக வண்டிடம் கேட்டுக்கொண்டே போனால் எந்தப் பேரினம் என்பது வரைக்கும் இறங்கிவிடலாம்.

அந்த வரிசையோடு வேலை முடியாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் நானும் ஒரு வண்டைப் புதுசு என்று முடிவுகட்டி, இரண்டு வருஷம் படம் வரைந்து, கட்டுரை முக்கால்வாசி எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் வெளியூர் நண்பர் ஒருவர் பழைய பிரெஞ்சு இதழின் ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்பினார். இரண்டே வரி: நீளம் இத்தனை, கறுப்பு, கால் சிவப்பு, இடம் தென்னிந்தியா. அந்த இரண்டு வரிக்காரர் எனக்கு முன்னால் வந்துவிட்டார். முந்தி வைத்த பெயருக்குத்தான் உரிமை, விவரிப்பு எவ்வளவு சோப்ளாங்கியாக இருந்தாலும் சரி. இப்படி இரண்டு வரியில் எழுதித் தள்ளிய மகராசர்களில் மோரிஸ் பிக் என்ற பிரெஞ்சுக்காரர் பேர்போனவர். ஆயிரக்கணக்கான வண்டுகளுக்குப் பெயர் வைத்தார். அவருடைய வண்டுகள் பாரிஸில் இருக்கின்றன. இரண்டு வரியை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது என்பதால் கடைசியில் அந்த வண்டையே பார்க்க வேண்டியிருக்கும். இப்போது பல அருங்காட்சியகங்கள் கேட்டால் படம் எடுத்து அனுப்புகின்றன. அந்தக் காலத்தில் அதுவும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. காரணம் அதன் தோள். சாதாரண வண்டுக்கு முன்மார்பு முடிந்து இறக்கை உறை தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் தோள் மாதிரி புடைப்பு இருக்கும். உள்ளே பறக்கிற இறக்கை மடிந்திருப்பதால் அந்த இடம் தேவை. உங்கள் வண்டுக்குத் தோளே இல்லை. முட்டை மாதிரி வழிந்து இறங்குகிறது. அநேகமாகப் பறக்க முடியாத வண்டு. இரண்டு உறையும் நடுவில் ஒட்டியே போயிருக்கலாம். குளிர்ந்த மலை உச்சிகளில் இப்படி இறக்கையைத் துறந்த வண்டுகள் நிறைய.

பறக்காத வண்டு பரவாது. சோலைக்கு வெளியே புல்வெளி, புல்வெளியைத் தாண்டினால் இப்போது யூகலிப்டஸும் சீகை மரமும், அதற்குக் கீழே வெயில் காய்கிற அடிவாரம். கொடைக்கானல் இருக்கிற நம் பழனி மலைத்தொடரின் சோலை வண்டு நீலகிரிக்குப் போக வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்க வேண்டும். இறக்கை இல்லாத 7 மில்லிமீட்டர் பிராணிக்கு அது சமுத்திரம். அதனால் ஒவ்வொரு மலைக்கும் தனித்தனி இனம் உருவாகியிருக்க வாய்ப்பு உண்டு. நீலகிரி வண்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்று பழனி மலையில் கிடைத்தால் இரண்டும் ஒன்றேதான் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்யக் கூடாது.

சரி, அடுத்து என்ன செய்வது? ஓடிப்போய்ப் பத்து வண்டைப் பிடித்துப் புட்டியில் போடுவது இல்லை. முதலில் சட்டம். கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி 2013-லிருந்து வனவிலங்குச் சரணாலயம். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் எறும்பைப் பிடிக்கவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். 2008-ல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் வண்டு பிடித்ததற்காகச் செக் நாட்டுக்காரர்கள் இருவர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் பேர்பெற்ற வண்டு ஆராய்ச்சியாளர். அதே போல, வெளிநாட்டு நிபுணர் யாராவது ‘நான்கு வண்டைத் தபாலில் போடுங்கள், நானே பெயர் வைத்துத் தருகிறேன்’ என்று அன்பாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பல்லுயிர்ச் சட்டப்படி அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. அதைப் பார்க்கிற தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. என் யோசனை, பூச்சியியல் துறை உள்ள ஒரு கல்லூரியோடு சேர்ந்துகொள்ளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூருவில் ஏட்ரீ நிறுவனத்தில் பூச்சிச் சேகரிப்பு உண்டு. அனுமதி விண்ணப்பம் அவர்கள் பெயரில் போனால் நகரும்.

எத்தனை வண்டு வேண்டும் என்றால், ஒன்று போதாது. ஆண், பெண் இரண்டும் வேண்டும், அதிலும் நான்கைந்தாவது வேண்டும். ஒற்றை வண்டை வைத்துக்கொண்டு எது இனத்தின் குணம், எது அந்த வண்டின் தனிக் கோளாறு என்று சொல்ல முடியாது. ஒன்றிரண்டைக் காலோடு சேர்த்து டி.என்.ஏ.வுக்காக 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். மற்றவற்றைக் காய வைக்கலாம். கொடைக்கானல் பனியில் காய வைத்த பூச்சி மூன்றே வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும். அரிசி டப்பாவில் போடுகிற சிலிக்கா பொட்டலத்தைக் கூடவே வையுங்கள். அப்புறம் சீட்டு. இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர், எந்தச் செடியில் இருந்தது என்பதைப் பென்சிலில் எழுதி வண்டோடு அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். ‘நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்’ என்று நினைத்த வண்டு எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் குப்பைதான்.

இனி மேசைக்கு வருவோம். வண்டை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். நுண்ணோக்கியின் கீழ் வைத்து முதலில் முகத்தைப் பாருங்கள். இந்தக் குட்டைமூக்கு வகையில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டுப்புழு மண்ணுக்குள் ஓர் அறை கட்டிக்கொண்டு கிடக்கும். வண்டாக மாறியதும் மண்ணைத் தோண்டி மேலே வருவதற்காகத் தாடையில் தந்தம் மாதிரி ஒரு நீட்சி இருக்கும். வெளியே வந்ததும் அது கழன்று விழுந்துவிடும். விழுந்த இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பு இருந்தாலே இது எந்தக் கூட்டத்து வண்டு என்று தெரிந்துவிடும். தந்தம் இன்னும் விழாத வண்டு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை வரைந்து வையுங்கள்.

நிறம் ஏமாற்றும், அளவும் ஏமாற்றும். ஏமாற்றாதது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. வயிற்றின் பின்முனையை வளைந்த மெல்லிய ஊசியால் திறந்து, அதை மட்டும் உருவி, 10 சதவீதக் காஸ்டிக் பொட்டாஷில் சில மணி நேரம் ஊறவைத்தால் தசை கரைந்து பழுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு குழாய் மிஞ்சும். பக்கவாட்டில் பார்த்தால் அரிவாள் வளைவு. அதன் முனை கூரா, மழுங்கலா, நடுவில் பள்ளமா என்பதில்தான் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற இரண்டு இனங்கள் பிரியும். பெண்ணில் விந்துப்பை கொக்கி வடிவில் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கிளிசரின் நிரப்பிய குட்டிக் குப்பியில் போட்டு அந்த வண்டின் ஊசியிலேயே குத்தி வைப்பார்கள். உடலும் உறுப்பும் பிரிந்துவிட்டால் தீர்ந்தது. என் மேசையில் ஒரு தும்மலில் அப்படி ஒன்று காணாமல் போயிருக்கிறது.

டி.என்.ஏ. பார்த்தால் போதாதா என்று இப்போது எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். 658 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டைத்தான் வழக்கமாகப் படிப்பார்கள். நல்ல துணைச் சாட்சி. ஆனால் 1916-ல் பெயர் வைத்த வண்டுக்கு அந்த எழுத்துகள் யாரிடமும் இல்லாதபோது எதோடு ஒப்பிடுவது?

விவரிப்பு எழுதுவதில் இரண்டு பகுதி. ஒன்று முழு வர்ணனை, மற்றது வேறுபாடு. ஊரில் ஒருவரை அடையாளம் சொல்லும்போது ‘மாநிறம், நடுத்தர உயரம்’ என்றால் யாருக்கும் விளங்காது. ‘அச்சு அசல் பெரியவர் மாதிரியே இருப்பார், ஆனால் இடது புருவத்தில் தழும்பு’ என்றால் சட்டென்று விளங்கும். வேறுபாடு என்பது அந்த இரண்டாவது வகை. நெருங்கிய உறவுக்கார இனம் எது, அதிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதை வார்த்தைகளில் சொல்லியே ஆக வேண்டும். படம் மட்டும் போட்டால் பெயர் செல்லாது. மாதிரிக்கு, கற்பனையாக ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

“நீளம், மூக்கு நீங்கலாக, 6.8 முதல் 7.5 மி.மீ. உடல் கறுப்பு; மேற்புறம் வட்டமான பச்சைச் செதில்கள் ஒன்றையொன்று தொட்டபடி; உறையின் ஓரத்தில் செதில் வெளிர்மஞ்சள். மூக்கின் நீளமும் அகலமும் ஏறக்குறைய சமம், நடுவில் ஆழமற்ற பள்ளம். முன்மார்பு நீளத்தைவிட அகலம் கூடுதல், பக்கங்கள் மெல்ல வளைந்தவை. உறையில் தோள் இல்லை, புள்ளிவரிசை பத்து, வரிசைகளுக்கு இடைப்பட்ட மேடுகளில் பின்னோக்கிச் சாய்ந்த குறுமயிர் ஒற்றை வரிசையாக.”

‘அழகான’, ‘பளபளப்பான பெரிய’ என்பதெல்லாம் இங்கே எடுபடாது. எதை விடப் பெரியது என்று சொல்ல வேண்டும். நீளத்தை ஏன் மூக்கை விட்டுவிட்டு அளக்கிறோம் என்றால், செத்த வண்டு தலையைத் தொங்கப்போட்டுவிடும். மூக்கைச் சேர்த்தால் ஆளுக்கு ஓர் அளவு வரும்.

விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிப்படி விவரிப்பு எந்த மொழியிலும் இருக்கலாம். பெயர் மட்டும்தான் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். மேலே இருப்பதை அப்படியே தமிழில் அச்சிட்டாலும், மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், செல்லும். உலகம் படிக்கிற மொழியில் எழுதுங்கள் என்று அதே விதி பரிந்துரைக்கவும் செய்கிறது என்பதால் நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். இரண்டிலும் போட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அந்த நிபந்தனைகளில் தலையானது ஹோலோடைப். உங்களிடம் இருக்கிற வண்டுகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து ‘இந்தப் பெயர் இந்த வண்டுக்கு’ என்று முடிச்சுப் போட்டு, சிவப்புச் சீட்டு குத்தி, எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்றும் கட்டுரையில் சொல்ல வேண்டும். நாளைக்கு உங்கள் வர்ணனையில் சந்தேகம் வந்தால் அந்த ஒரு வண்டுதான் பதில் சொல்லும். நல்ல ஆணாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஆறு காலும் இருக்கட்டும். வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. புது இனத்தை அதற்கென்று நியமித்த நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் பல்லுயிர்ச் சட்டத்திலும் இருக்கிறது. இந்திய விலங்கியல் அளவைத் துறைக்குச் சென்னையிலும் கோழிக்கோட்டிலும் மையங்கள் உண்டு.

இனி அப்பத்தா. பெண் பெயர் என்றால் கடைசியில் லத்தீன் வழக்கப்படி ‘ஏ’ சேரும்: வெள்ளையம்மாளே. லத்தீனில் அது ‘வெள்ளையம்மாளுடைய’ என்ற ஆறாம் வேற்றுமை; நம் காதுக்கு யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. ஊர்ப் பெயர் வைப்பதென்றால் ‘என்சிஸ்’ சேர்ப்பார்கள். ஆனால் பழனியை வெள்ளைக்காரர் எழுதியதிலேயே பல விதம் உண்டு, ழகரத்துக்கு வழியும் இல்லை. எந்த எழுத்துக்கூட்டலை அச்சில் போடுகிறீர்களோ அதுதான் காலத்துக்கும் நிற்கும். அச்சேறிய பெயரைப் பிடிக்கவில்லை என்று மாற்றவும் முடியாது. ஸ்லோவேனியக் குகை வண்டு ஒன்றுக்கு 1937-ல் ஹிட்லர் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் பாவம் அது அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும். பெயர் வைக்கும் உரிமை வண்டைப் பிடித்தவருக்கு இல்லை, கட்டுரை எழுதுகிறவருக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். யாரோடு சேர்ந்து எழுதினாலும் அப்பத்தா விஷயத்தை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

கட்டுரை இதழில் வெளியாகும்வரை அந்தப் பெயரை வாட்ஸ்அப்பிலோ உள்ளூர்ப் பத்திரிகையிலோ விட்டுவிடாதீர்கள். ஜூடாக்ஸா, ஜூகீஸ் போன்ற இதழ்கள் இதற்கென்றே இருக்கின்றன. கோவையிலிருந்து வருகிற ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸாவும் புது இனங்களை வெளியிடுகிறது. இணையத்தில் மட்டும் வரும் கட்டுரை என்றால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், இதழ்க்காரர்களே பெரும்பாலும் கவனித்துக்கொள்வார்கள். எவ்வளவு நாள் ஆகும் என்றால், ஓர் இனம் பிடிபட்ட நாளிலிருந்து அதற்குப் பெயர் வருவதற்குச் சராசரி 21 ஆண்டு என்று 2012-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி இழுப்பறையில் யாரும் பார்க்காமல் கிடந்த காலம். உட்கார்ந்து செய்தால் மூன்று நான்கு வருஷத்தில் முடிக்கலாம்.

இப்போதைக்கு எனக்கு இரண்டு படம் அனுப்புங்கள்: முகத்தை நேராகப் பார்த்து ஒன்று, பக்கவாட்டில் மூக்கும் உணர்கொம்பும் தெரிகிற மாதிரி ஒன்று. தாடையில் தழும்பு தெரிகிறதா பாருங்கள். தொடாமல் எடுங்கள், செதில் போய்விடும். மழை விட்டதும் அதே வேலிக்குப் போய் அது எந்தச் செடியின் இலை ஓரத்தைக் கடித்திருக்கிறது என்றும் பாருங்கள், தீனிச் செடி தெரிந்தால் கட்டுரைக்குப் பாதி பலம். இலைக்கொத்து ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பத்தாவிடம் காட்டுங்கள். சோலை ஓரத்துச் செடிக்கு அவர்களிடம் ஒரு பெயர் இருக்கும். அதையும் சீட்டில் எழுதி வையுங்கள்.